மண்ணுளிப் பாம்பும் மதிமயக்கமும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் வழியில் உள்ளது மேலகரம். அருவியாடச் செல்லும் கூட்டம் அவ்வூரைக் கடந்து செல்கிறது; நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் தமிழ் பயின்றோர் அவ்வூரின் பெயரை மறவார். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலின் பிற்பகுதியிலே, ஊர் ஊராகச் சென்று குறி சொல்லிப் பொருளீட்டிய சிங்கியை அவள் கணவன் சிங்கன் தேடிக் கண்டடைகிறான். அவள் காலிலே சிலம்பு கிடக்கிறது. அவனோ கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன், சிலம்பைக் கண்டறியாதவன். காலிலே பெரிய விரியன் அல்லவா கடித்துக் கிடக்கிறது என்று கேட்கிறான்! இடையிலே பொன் அரைஞாண். அது அவன் கண்ணுக்குச் சாரைப்பாம்பாகப் படுகிறது. இன்ன நாட்டிலே குறி சொல்லிப் பெற்றது, இன்னார் தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சிங்கி விடை பகர்கிறாள்.

பொன்னைப் பாம்பென்று மயங்கினான் அந்த வேடன். காட்டிலே பிறந்து காட்டிலே வளர்ந்தவன் பாம்பைக் கண்டிருக்கிறான், பொன்னை எங்கே கண்டான்? அவன் மயக்கம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சற்றே சிந்திக்கவும் வைக்கிறது. ஆனால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், பட்டம் பெற்றவர், வங்கியிலே கணக்கு வைத்திருப்பவர், கையிலே தொலைபேசியும் கழுத்திலே சங்கிலியும் உடையவர், பாம்பைப் பொன்னென்று எண்ணி மயங்குகிறாரே, அதற்கு என் சொல்வது? அதுவும் எந்தப் பாம்பை? சீறத் தெரிந்தும் சீறாத, கடிக்கத் தெரிந்தும் பெரும்பாலும் கடிக்காத, நஞ்சென்பது துளியுமற்ற ஒரு சிறு பாம்பை!

மண்ணுளிப் பாம்பு என்பது அதன் பெயர். இருதலைப் பாம்பு என்றும், இருதலை மணியன் என்றும் வழங்குவர். தென் அமெரிக்கக் காடுகளிலே வாழும் 'போவா' எனும் பெரும்பாம்புக்கு உறவு இது. உறவிலே பெரியவர்கள் பத்தடிக்கு மேலும் வளர, நம்முடைய மண்ணுளி மூன்றடியைத் தாண்டுவது அரிது. ஈரமும் சாரலும் இதற்கு ஏற்றவை அல்ல. குற்றால மலையை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, செம்மண்ணும் மானாவாரிப் புஞ்சையும் தோன்றுகின்றனவே, அத்தகைய பொலபொலத்த வறண்ட மண்ணே இதன் வாழ்விடம். முகம் மண்ணைக் குடையும் கருவி போல் அமைந்திருக்கிறது. கண்கள் மிகச் சிறியவை. உடல் தடித்த உருளை. மண்ணுக்குள் மறைந்திருந்தும் எலி வளைகளில் நுழைந்தும் இரை தேடுகிறது. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குகிறது. முட்டையிடுவதில்லை; குட்டி ஈனுகிறது. உழவனுக்கு இதைவிடச் செலவில்லாத காவலாளி கிடையாது: கூலி கேட்பதில்லை, களஞ்சியத்து நெல்லில் பங்கு கேட்பதுமில்லை!

இதன் வால்தான் இதற்கு வாய்த்த பெருமை. அதுவே இதற்கு வந்த வினையும். பிற பாம்புகளின் வால் கூர்ந்து முடிய, மண்ணுளியின் வால் மழுங்கி முடிகிறது. எட்ட நின்று நோக்கினால் எது தலை, எது வால் என்று புலப்படாது. பகை நெருங்கும்போது, உடலைச் சுருட்டித் தலையை அச்சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, வாலைத் தலைபோல உயர்த்திக் காட்டுகிறது. கீரியோ பருந்தோ வாலைக் கவ்வும், தலை பிழைக்கும். வாலிலே பழைய தழும்புகளைச் சுமந்து திரியும் மண்ணுளிகள் பல. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள் நம்மவர். இதன் தலை தப்புவது வாலின் புண்ணியம்!

பகைவனை ஏய்க்க இயற்கை அளித்த இந்த வாலைக் கண்டு மனிதன் ஏமாந்தான். இரண்டு தலை உண்டு என்றான். ஆறு திங்கள் ஒரு தலையால் நடக்கும், ஆறு திங்கள் மறு தலையால் நடக்கும் என்று அதற்கு அட்டவணையும் போட்டுக் கொடுத்தான். அந்த அட்டவணையை ஓராண்டு பொறுத்திருந்து சரிபார்த்தவன் எவன்? ஒருவனும் இல்லை. பாட்டன் சொன்னான், பேரன் நம்பினான்.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எவரும் தலைகுனிய வேண்டுவதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டிலே உரோம நாட்டில் வாழ்ந்த பிளினி, தாம் எழுதிய பெரிய இயற்கை நூலிலே, வால் முனையிலும் தலையுடைய 'ஆம்பிஸ்பீனா' என்ற பாம்பைக் குறிப்பிடுகிறார். அதை மருந்தாகவும் சொல்லிவைத்தார். பிளினி சொல்லிவிட்டார் என்பதற்காகவே ஐரோப்பா ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் அதைச் சுமந்து திரிந்தது. ஏடுகளிலே எழுதினர், படம் வரைந்தனர், தேவாலயத் தூண்களிலும் செதுக்கினர். 1646ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் பிரௌன், மக்களிடையே வழங்கும் பொய் நம்பிக்கைகளைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். அதிலே இருதலைப் பாம்பையும் வழக்கு மன்றத்தில் நிறுத்தினார். உடலுக்கு முன் என்றும் பின் என்றும் உண்டு; இரு முனையிலும் முன்பக்கமே உடைய உயிர் எவ்வாறு இயங்கும் என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். பின்னர் 1758இல் லின்னேயசு, மண்ணுக்குள் வாழும் காலற்ற ஓணான் வகை ஒன்றுக்கு ஆம்பிஸ்பீனா என்ற பெயரைச் சூட்டினார். கதை போயிற்று, பெயர் மட்டும் ஒரு சாதுவான உயிரின்மேல் நின்றுவிட்டது.

இரண்டு தலையோடு பாம்பு பிறப்பதே இல்லையா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். பிறப்பதுண்டு. கருவிலே ஏற்படும் குறையால், மனிதரிலும் மாட்டிலும் நிகழ்வதுபோலப் பாம்பிலும் அரிதாக நிகழ்கிறது. அப்போது இரு தலைகளும் முன்புறத்திலேயே, கவட்டைக் கிளைபோலப் பிரிந்திருக்கும். வால் இருக்க வேண்டிய இடத்தில் தலை முளைப்பதில்லை. சங்கப் பாட்டிலே இருதலைப் புள் வருகிறது என்பதும் நாம் அறிந்ததே. பிரியாத இருவரின் அன்புக்கு ஓர் உவமை அது. உவமையைப் பிடித்துக் கூண்டிலே அடைத்து விலை கூறுவது புலவன் செய்த பிழை ஆகாது.

கதைக்குச் சான்று வேண்டும் என்றபோது சான்றையும் செய்தார்கள். பாம்பாட்டிகள் சிலர் மண்ணுளியின் வால் முனையைக் கீறி வாய்போல் ஆக்கி, கண்போல் புள்ளி வைத்து, இதோ இரண்டாம் தலை என்று தெருவிலே காட்டிக் காசு பெற்றனர். கூடி நின்றவர்கள் கண்ணாரக் கண்டார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்ற பழமொழி வழங்கும் நாட்டில், கீறிய புண்ணைத் தலை என்று நம்பிச் சென்றார்கள்.

அதே காலத்தில் இந்தக் கதைகளுக்குப் புறம்பாக இன்னொரு வேலையும் நடந்துவந்தது. அதன் தொடக்கமும் தமிழ் மண்ணிலேயே! சோழநாட்டுக் கடற்கரையிலே, டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு 1771இல் வந்தார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற செருமானியப் பாதிரியார். 1813இல் இறக்கும் வரையில் அவர் வாழ்வு அங்கேயே கழிந்தது. சமயப் பணிக்கு வந்தவர் சங்கும் சிப்பியும், மீனும் பாம்பும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். மற்றொருபுறம், 1781இல் விசாகப்பட்டினத்துக்கு வந்த மருத்துவர் பேட்ரிக் ரசல், கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக அமர்ந்து, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் படங்களுடன் ஒரு பெருநூல் வெளியிட்டார். எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று பிரித்தறிவதே அவர் முதல் நோக்கம். பாம்புக்கடிக்குக் கைகண்டது என்று அந்நாளில் பேர்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சும்மா விடவில்லை, சோதனைக்கு உட்படுத்தினார். கண்ணாடி விரியனுக்கு அறிவியல் உலகில் வழங்கும் பெயர் அவர் பெயரே. அந்த ரசல்தான் 1801இல், தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மண்ணுளியை அறிவுலகுக்கு முறைப்படி அறிமுகம் செய்து, ஜானின் பெயரை அதற்குச் சூட்டினார். 'எரிக்ஸ் ஜானி' என்று உலகெங்கும் வழங்கும் பெயரிலே, தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு மனிதர் இன்றும் இருக்கிறார். இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அளந்து, எண்ணி, எழுதி வைக்கப்பட்ட உயிர் இது. செதில்களை எண்ணினார்கள், தலையையும் எண்ணினார்கள். ஒன்றுதான்.

ஆயினும் ஏடு ஒருபுறம் கிடந்தது, ஏமாற்று மறுபுறம் வளர்ந்தது. மண்ணுளி நக்கினால் குட்டம் வரும் என்ற அச்சம் நம் சிற்றூர்களில் நெடுநாள் உலவியது. இதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பாம்பு உண்டு. சொரசொரப்பான செதிலும், திட்டுத்திட்டான நிறமும் உடையது. தோலைக் கண்டவன் தொழுநோயை எண்ணினான் போலும். தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அந்நோய்க்கு இன்று மருந்து உண்டு; முற்றிலும் குணமாகிறது. பாம்பு அதற்கு எவ்வகையிலும் பொறுப்பில்லை. அந்த அச்சத்தால் அடிபட்டுச் செத்த பாம்புகளுக்குக் கணக்கில்லை. கொடுமை என்னவெனில், நோயுற்ற மனிதனையும் அதே அச்சம் ஊரைவிட்டு ஒதுக்கியது.

அச்சத்தால் கொன்ற காலம் போய், ஆசையால் பிடிக்கும் காலம் வந்தது. வீட்டிலே வைத்திருந்தால் செல்வம் கொழிக்கும், புதையல் காட்டும், ஆண்மை பெருக்கும், புற்றுநோயும் எய்ட்சும் தீரும், வெளிநாட்டான் கோடிக்கு வாங்குவான்! ஒரே பாம்பின்மேல் இத்தனை பொய்யையும் ஏற்றினார்கள். பாவம், அதன் முதுகு மூன்றடிதான்!

இந்த வாணிகம் நடக்கும் முறையை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. இலட்சத்தில் தொடங்கிக் கோடியில் முடியும் விலை ஒன்றைச் சொல்வார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பாம்பு இத்தனை கிலோ எடை இருக்க வேண்டும். அந்த எடை, காட்டிலே மண்ணுளி எட்டுவதற்கு அரிதான எடையாகவே இருக்கும். எனவே கிடைத்த பாம்பு எப்போதும் சற்றே குறைவு. இன்னும் சில திங்கள் வளர்க்க வேண்டும், அதற்குப் பணம். ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும், அவருக்குப் பணம். வெளிநாட்டு வணிகர் விமானம் ஏறிவிட்டார், விடுதிக்குப் பணம். முன்பணம் போகிறது, பின்பணமும் போகிறது, வணிகர் மட்டும் வருவதில்லை. செம்புப் பாத்திரத்திலே இரிடியம் இருக்கிறது, அரிசியை ஈர்க்கும் என்று சொல்லி ஊரை ஏய்க்கும் கூட்டத்துக்கு இது உடன்பிறப்பு. அங்கே பாத்திரம், இங்கே பாம்பு. பறிபோகும் பணம் ஒன்றே. இடையில் அகப்பட்ட உயிர் படும் பாடு தனி. எடை கூட்டுவதற்காக இரும்புக் குண்டுகளை வலிந்து விழுங்கச் செய்த கொடுமையும் நாட்டில் நடந்திருக்கிறது. பானையிலோ சாக்கிலோ அடைபட்டு இரையின்றிக் கிடந்து செத்தவை எத்தனையோ!

2014இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' என்னும் திரைப்படம், மண்ணுளியைக் காட்டி ஒரு பணக்காரரை ஏய்க்கும் காட்சியோடுதான் கதையைத் தொடங்குகிறது. படம் ஓடிற்று, மக்கள் கைதட்டினர். ஆனால் கைதட்டிய ஊர்களிலேயே வாணிகமும் தொடர்ந்தது! 2016 முதல் 2021 வரையிலான ஆறே ஆண்டுகளில் இந்நாட்டில் மண்ணுளியைக் கைப்பற்றிய நிகழ்ச்சிகள் 172 என்று, செய்தித்தாள்களிலும் பிற ஊடகங்களிலும் வந்தவற்றை மட்டும் திரட்டி, வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் இந்தியப் பிரிவு கணக்கிட்டுள்ளது. மகாராட்டிரம் அதிலே முதலிடம் பெற்றது. அகப்பட்டவை இவை; அகப்படாதவை எத்தனை என்பதை அவரவர் எண்ணிக்கொள்ளலாம்.

ஆசை காட்டுவோரிடம் கேட்க வேண்டிய எளிய வினா ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே பாம்பை வீட்டு வளர்ப்பு உயிராகவே வைத்திருப்போர் பலர். நம்மவர் கிளி வளர்ப்பதைப் போல, அங்கே பாம்பு வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. கண்ணாடிப் பெட்டியிலே மணல் பரப்பி, ஒரு பக்கம் வெப்பம் தந்து, சுண்டெலியை இரையாக இட்டு வளர்க்கிறார்கள். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்து, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய, உரியவனுக்குக் காட்சியே தராத வளர்ப்பு உயிர் இது. அங்கேயே இணை சேர்த்துக் குட்டிகளும் எடுக்கிறார்கள். அக்குட்டிகள் விற்கும் விலை சில நூறு டாலர். கோடி கொடுத்து வாங்க வெளிநாட்டான் வருகிறான் என்கிறீர்களே, தன் ஊர்க் கடையிலே சில நூறுக்குக் கிடைப்பதைக் கோடிக்கு வாங்கவா அவன் கடல் கடந்து வருகிறான்? இத்தனை ஆண்டு வளர்த்தவர்களில் ஒருவனுக்காவது புதையல் கிடைத்ததுண்டா? நோய் தீர்ந்ததுண்டா? எலிக்குச் செலவானதுதான் மிச்சம்.

அங்கே வளர்க்கிறார்களே, நாமும் வளர்த்தால் என்ன என்று விலங்கன்பு மிக்க இளைஞர் ஒருவர் எண்ணலாம். அந்த எண்ணம் பணத்தாசையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆயினும் இங்கே அது பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும், இப்பாம்பைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியுள்ளன, சிறைத்தண்டனை உண்டு. நாடுகளுக்கு இடையிலான வாணிகத்தையும் பன்னாட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இங்கே ஒருவன் வீட்டுக்கு வரும் மண்ணுளி எங்கிருந்து வரும்? நம் புஞ்சையைத் தோண்டித்தான் வரும். ஓர் ஈற்றில் சில குட்டிகளே ஈனும் உயிர் இது. தோண்டிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? அருகிவரும் நிலையை நெருங்கிவிட்ட உயிர்களின் வரிசையிலே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை இப்போது வைத்திருக்கிறது.

தென்காசிச் சீமையில் பாம்புக்கு மதிப்பில்லாமல் இல்லை. சங்கரன்கோவிலிலே சங்கன், பதுமன் என்ற நாகங்களின் கதை வழங்குகிறது. புற்றுமண் பெற்றுச் செல்கிறார்கள். பாம்பு உருவம் பொறித்த தகடு காணிக்கை இடுகிறார்கள். தகட்டிலே இருக்கும் பாம்புக்குக் கும்பிடு. தரையிலே இருக்கும் பாம்புக்குத் தடியடி. சாக்கிலே இருக்கும் பாம்புக்கு விலை! மூன்றும் ஒரே சமுதாயத்திலே ஒருங்கே நடக்கின்றனவே என்று நமக்கு வியப்பாக இருக்கிறது.

உண்மையிலேயே விலையுள்ள பாம்பு எது என்று இருளரைக் கேட்டால் சொல்வார்கள். பாம்பின் தடம் பார்த்து வளை கண்டறியும் அறிவு அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாக அந்த அறிவைத் தோல் வணிகர்கள் அற்பக் காசுக்கு உறிஞ்சினார்கள்; பாம்புத் தோல் கப்பலேறிற்று, கைப்பையாயிற்று, காலணியாயிற்று, இருளர் குடிசை மட்டும் குடிசையாகவே இருந்தது. 1970களில் சட்டம் அந்த வாணிகத்தை நிறுத்தியபோது அவர்கள் பிழைப்பும் நின்றது. ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சே அவர்கள் விளைச்சல். கடிபட்டவனைக் காக்கும் மருந்து அந்த நஞ்சிலிருந்தே செய்யப்படுகிறது. வயலிலே கடிபட்டு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் ஏழை உழவனின் உயிர் அந்த மருந்துக் குப்பியிலே இருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பள்ளி சென்று கற்காத அறிவுக்குத் தில்லியிலே கிடைத்த மதிப்பு அது. நாட்டுக்கு நஞ்சு தந்து உயிர் காக்கும் பாம்புக்கு எவனும் கோடி பேசவில்லை. அதைப் பிடித்துத் தரும் கைகளுக்கும் கோடி சேரவில்லை. ஒன்றுமே தராத மண்ணுளிக்குத்தான் கோடி பேசுகிறார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் அச்சங்கத்தின் கூடம் இருக்கிறது. பள்ளி மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லலாம். மணல் இட்ட மண்பானைகளில், வாயைத் துணியால் கட்டி, பாம்புகளை வைத்திருக்கிறார்கள். காத்தவராயனும் கருடனும் அங்கே காவல் இல்லை. பானையின் மேல் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்தபின், ஒவ்வொரு பாம்பின் வயிற்றுச் செதிலிலும் ஓர் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு அடுத்த முறை கையில் அகப்பட்டால், அதை எடுக்காமல் விட்டு நடப்பார்கள்.